முதல் பக்கம் கியாரண்டி

கோவை, திருப்பூர் பக்கம் சிறுதொழில் நடத்துகிற யாருடைய வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் இந்தச் செய்தி ஏதாவதொரு மூலையில் கிடக்கும். மூன்றே மாதத்தில் கூகுளில் முதல் பக்கம், கியாரண்டி. மாதம் இத்தனை ஆயிரம். ஐந்நூறு பேக்லிங்க் இலவசம். அனுப்பியவருக்கு ஊரும் இருக்காது, பேரும் இருக்காது. படத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கைகட்டி நிற்பார். தேடல் முடிவில் முதல் இடம் வாங்கித் தருவதாக யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே பட்டவர்த்தனமாக எழுதி வைத்திருக்கிறது. என்ன செய்வது, அந்தப் பக்கத்தை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

நான் கோவையில் வெப்சைட் பராமரிப்பு அலுவலகம் ஒன்று நடத்துகிறேன். சின்ன அலுவலகம்தான். பம்ப்செட் செய்கிறவர்கள், கிரைண்டர் செய்கிறவர்கள், பனியன் ஏற்றுமதியாளர்கள், சில பள்ளிக்கூடங்கள் என்று வாடிக்கையாளர்கள். எஸ்இஓ என்கிற தேடுபொறி வேலையும் செய்கிறோம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பக்கத்தை ஒழுங்காக எழுதுவது, போனில் சட்டென்று திறக்க வைப்பது, தலைப்பைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வைப்பது எல்லாம் நியாயமான வேலை. இதே பெயரில், பக்கத்துக் கதவிலேயே இன்னொரு வியாபாரம் நடக்கிறது. அதன்மேல் எனக்கிருக்கும் கோபம் ஒன்றுதான்: குறுக்கு வழியை விற்கிறவர் ஒருவர், பிடிபட்டால் தொழிலை இழப்பவர் வேறொருவர்.

கோவையின் கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பம்ப்செட்காரர். அறுபதைத் தாண்டியவர். போர்வெல் மோட்டாரும் மோனோபிளாக் பம்பும் செய்கிறார். ஒரு நாள் போனில், "அம்மணி, நம்ம கம்பெனி பேர முழுசா அடிச்சாக்கூட வர மாட்டீங்குதுங்க. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். அவருடைய தளம் அப்போது என் பொறுப்பில் இல்லை. வேறொரு ஏஜென்சி பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை முதல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சிக்கு வருஷா வருஷம் ஸ்டால் போடுகிறவர், அந்த முறை போடவில்லை. நெட்டிலேயே விசாரணை வருகிறது, எதுக்குப்பா வீண் செலவு என்று மகன் சொல்லியிருக்கிறார்.

தள உரிமையாளர்களுக்கென்று கூகுள் 'சர்ச் கன்சோல்' என்றொரு இலவச வசதி வைத்திருக்கிறது. தளத்தில் குற்றம் கண்டு தண்டித்தால் அறிவிப்பு அங்கேதான் வரும். இவருடைய சர்ச் கன்சோல் ஏஜென்சிக்காரரின் ஜிமெயிலில் இருந்தது. அறிவிப்பு வந்து வாரக்கணக்காகியும் இவர் காதுக்கு எட்டவில்லை. ஏஜென்சியின் போன் சுவிட்ச் ஆஃப். நல்லவேளையாக டொமைன் மகன் பெயரில் இருந்தது. அதைக் காட்டி உரிமையை நிரூபித்து உள்ளே போனோம்.

உள்ளே, அவருடைய தளத்தைச் சுட்டும் இணைப்புகள், அதாவது அந்த பேக்லிங்க்குகள், ஆயிரக்கணக்கில். ரஷ்ய மொழியில் ஒரு சூதாட்டப் பக்கம். ஆண்மைக்குறைவு மாத்திரை விற்கும் ஒரு பக்கம். எப்போதோ மூடப்பட்ட ஒரு வெளிநாட்டுத் தேவாலயத்தின் டொமைனை யாரோ விலைக்கு வாங்கி, அதில் ஏற்றிவைத்த பொம்மைப் பக்கங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில வாசகம்: கோயம்புத்தூரின் சிறந்த சப்மெர்சிபிள் பம்ப் உற்பத்தியாளர். தேவாலயக்காரர்களுக்கு எதற்குப் போர்வெல் மோட்டார் என்று கூகுளுக்குச் சந்தேகம் வந்ததில் என்ன ஆச்சரியம்!

இந்த இணைப்புகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று தெரிய 1998-க்குப் போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த செர்கே பிரின்னும் லாரி பேஜும் எழுதிய கட்டுரையில்தான் கூகுளின் அடித்தளம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும் நம்பினால், அதே சொல்லை நூறு முறை எழுதி வைப்பவன் ஜெயித்துவிடுவான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைத்த காலம் அது. அதற்குப் பதிலாக, அந்தப் பக்கத்தை வேறு யாரெல்லாம் சுட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். மதிப்புள்ளவர் சுட்டினால் கூடுதல் மதிப்பு. ஆக ஒவ்வொரு இணைப்பும் ஒரு சாட்சி ஆனது. சாட்சிக்கு மதிப்பு வந்தவுடன், கோர்ட் வாசலில் கூலிக்குச் சாட்சி சொல்ல ஆள் நிற்பதாகச் சொல்வார்களே, அந்தக் கூட்டமும் வந்து சேர்ந்தது.

பம்ப்செட்காரரின் கூலிச் சாட்சிகளைத் திரும்பப் பெறுவது வாங்கியதைவிடச் சிரமமாக இருந்தது. அந்தத் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் மெயில் எழுதி, இணைப்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்டோம். பாதிக்குமேல் பதிலே இல்லை. சிலர் எடுக்கிறோம், ஆனால் எடுக்கக் காசு என்றார்கள். போடவும் காசு, எடுக்கவும் காசு! மிஞ்சியவற்றைப் பட்டியலாக்கி, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் கொடுத்தோம். அப்படிக் கைகழுவுவதற்கு 2012 முதல் ஒரு வழி இருக்கிறது. பிறகு, என்ன நடந்தது, என்ன சுத்தம் செய்தோம் என்று விளக்கி மறுபரிசீலனை மனு. முதல் மனு தள்ளுபடி ஆனது. மறுபடி சுத்தம், மறுபடி மனு. ஒருவழியாகத் தண்டனை நீங்கியது.

பெரியவர் போனில் கேட்டார்: "அப்ப இனி பழைய எடத்துக்கு வந்துருமுங்களா?"

வரவில்லை. வராது. அந்த இடத்தில் அவரைத் தூக்கி நிறுத்தியிருந்ததே கூலிச் சாட்சிகள்தான். அவை போனபின் தளத்தின் சொந்த பலம் எவ்வளவோ அவ்வளவுதான் மிச்சம். மூன்று வருஷம் பணம் கட்டிய பிறகும் அந்தத் தளத்தில் ஒரு பம்பின் ஹெட் எத்தனை மீட்டர், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்கிற அட்டவணைகூட இல்லை. ஏஜென்சிக்கு அது தேவைப்படவில்லை. விவசாயிக்குத் தேவைப்பட்டிருக்கும்.

இதில் பிடிபட்டவர்கள் எல்லாம் கணபதி பட்டறைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பழம்பெரும் அங்காடி நிறுவனமான ஜே.சி.பென்னி மாட்டியது. அதற்கு முந்தைய பண்டிகைக் காலத்தில் ஆடை, மெத்தை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் அவர்கள்தான் முதலில். சாம்சோனைட் பெட்டியைத் தேடினால் சாம்சோனைட் கம்பெனியையே முந்திக்கொண்டு ஜே.சி.பென்னி வந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை நிபுணர் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தபோது, 2,015 பக்கங்களில் ஆடை வகைகளின் பெயரில் இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அணுப் பொறியியல் பற்றிய தளம், சூதாட்டத் தளம், பல்கேரியாவில் வீடு மனை விற்கும் தளம் எல்லாம் பெண்களின் கவுனுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. பத்திரிகை கேட்டதும் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்குச் சாம்சோனைட் பெட்டித் தேடலில் முதல் இடத்தில் இருந்த ஜே.சி.பென்னி, ஒன்பது மணிக்கு 71-வது இடத்தில். வரவேற்பறை மேசை நாற்காலித் தேடலில் முதலிடத்திலிருந்து 68. இரண்டே மணி நேரம். இணைப்பு போட்டது நாங்களில்லை, எங்களுக்குத் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தன் எஸ்இஓ ஒப்பந்தக்காரரை நீக்கியது.

அந்தச் செய்தியில் பலரும் கவனிக்காமல் போன வரி ஒன்று உண்டு. அந்தத் தளத்தில் விதிமீறல் இருப்பதைக் கூகுள் அதற்கு முன்பே மூன்று முறை கண்டுபிடித்திருந்தது, கடைசியாக 2010 நவம்பரில். அப்போதெல்லாம் ஜே.சி.பென்னிக்கு இப்படி 71-வது இடம் கிடைக்கவில்லை. பத்திரிகைக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகே கிடைத்தது. சுமார் 90 நாட்களில் அதுவும் முடிந்து, தளம் பழையபடி மேலே ஏறியது.

பெரியவர்களுக்கு மன்னிப்பு எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்று பாருங்கள். 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம் மாட்டியது. கார் சம்பந்தப்பட்ட சொற்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிய பக்கங்களைக் கூகுளுக்குக் காட்டிவிட்டு, ஆள் வந்தால் வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு. தளத்தையே தேடல் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். சில நாட்களில் திரும்பி வந்தது. 2013-இல் பிரிட்டனின் பூங்கொத்து நிறுவனம் இன்டர்ஃப்ளோரா, தன் பெயரைத் தேடினால்கூட வராதபடி காணாமல் போனது. அங்கே அந்த ஆண்டு மார்ச்சில் வந்த அன்னையர் தினத்துக்குச் சற்று முன்பு, 11 நாட்களில், வந்துவிட்டது. பாட்டு வரிகள் வெளியிடும் ராப் ஜீனியஸ், வலைப்பதிவர்களிடம் இணைப்புக்குப் பதில் விளம்பரம் செய்து தருகிறோம் என்று பேரம் பேசி 2013 கிறிஸ்துமஸ் அன்று தண்டிக்கப்பட்டது. 10 நாளில் விடுதலை. பிஎம்டபிள்யூவைத் தேடி பிஎம்டபிள்யூ வரவில்லை என்றால் அவமானம் கூகுளுக்குத்தான். கணபதிப் பட்டறையைத் தேடி அது வரவில்லை என்றால் கூகுளுக்கு என்ன? பக்கத்துப் பட்டறை வரும். ஆகவே 'பெரிய கம்பெனிகளே இதைச் செய்கின்றனவே' என்று ஏஜென்சிக்காரர் சொன்னால், உங்களுக்கு அவர்களுடைய மன்னிப்பு கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கூகுளின் நியாயத்தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீதிபதி ஆசனத்தில் இருப்பவர் அதே தெருவில் கடையும் வைத்திருக்கிறார். தேடலுக்கு மேலேயும் நடுவிலும் வரும் விளம்பர இடங்களை விற்பதுதான் அவருடைய பிழைப்பு. விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998 கட்டுரையின் பின்னிணைப்பில் பிரின்னும் பேஜுமே எழுதியிருந்தார்கள் என்பது வேடிக்கை. தேடல் முடிவில் கூகுள் தன் சொந்தச் சேவைகளுக்குச் சலுகை காட்டுகிறது என்று சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் கொண்டுபோன புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அதே சமயம், கூகுள் தன் கிளைகளையும் தண்டித்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. காசு கொடுத்து வலைப்பதிவு எழுத வைத்ததற்காக 2009-இல் கூகுள் ஜப்பானின் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதே மாதிரி விவகாரத்தில் 2012 ஜனவரியில் குரோம் உலாவியின் பக்கத்தைக் குறைந்தது 60 நாட்களுக்குக் கீழே இறக்கினார்கள்.

நீதிபதி சரியில்லை என்பதால் பொய்ச்சாட்சி சரியாகிவிடுமா? இந்த வாதத்தை எஸ்இஓ கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். கூகுளே அயோக்கியன், அவனை ஏமாற்றினால் என்ன என்பார்கள். ஏமாறுவது கூகுள் அல்லவே. மோட்டார் தேடிய விவசாயி ஏமாறுகிறார். உழைத்து நல்ல பம்ப் செய்து, ஒழுங்காக ஒரு தளம் வைத்திருக்கும் பக்கத்துப் பட்டறைக்காரர் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறார். கடைசியில் பணம் கட்டியவரே ஏமாறுகிறார்.

ஏஜென்சிக்காரர்கள் சொல்லாத இன்னொரு விஷயம்: இப்போதெல்லாம் பெரும்பாலும் தண்டனைகூட வருவதில்லை. 2012 ஏப்ரலில் 'பென்குயின்' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தபோது, போலி இணைப்பு வைத்திருந்த தளங்கள் சரிந்து விழுந்தன. 2016-க்குப் பிறகு அந்த முறை மாறியது. போலி என்று கண்டால் தளத்தைக் கீழே தள்ளுவதைவிட, அந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவதே வழக்கமாயிற்று. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெயின் என்ற செயற்கை நுண்ணறிவு ஏற்பாட்டையும் இணைப்பு வேட்டையில் இறக்கினார்கள். ஆக, நீங்கள் மாதாமாதம் கட்டும் பணத்தில் வாங்கிய ஐந்நூறு இணைப்பும் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். எக்செல் ஷீட்டில் மட்டும் ஐந்நூறு இருக்கும். இந்த நஷ்டத்துக்கு அறிவிப்புக் கடிதம் எதுவும் வராது. கூகுள் ஊழியர்களே பார்த்து விதிக்கும் தண்டனையும் ஒழிந்துவிடவில்லை. அது எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

அந்த எக்செல் ஷீட்டை நிரப்புகிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். பி.காம்., பி.எஸ்சி. முடித்துவிட்டு என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களில் பலர் அந்த மாதிரி ஏஜென்சிகளிலிருந்து வருகிறவர்கள்தான். 'ஆஃப் பேஜ்' பார்த்தேன் மேடம் என்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை டைரக்டரியில் பதிவு, இத்தனை இடத்தில் கமென்ட், இத்தனை பொம்மைப் பக்கம் என்று இலக்கு. யாருக்காகச் செய்தோம், அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று கேட்டால் தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இரண்டு வருஷம் உழைத்தும் ஒரு நல்ல பக்கம் எழுதக் கற்றுத் தராமல் அனுப்பிய முதலாளிகள்மேல் இருக்கிறது.

இணைப்பு வியாபாரம் மங்க மங்க, பக்கங்களைக் குவிக்கும் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. பிஎம்டபிள்யூ செய்ததன் உள்ளூர்ப் பிரதி: கோவையில் சிறந்த பிளம்பர், பொள்ளாச்சியில் சிறந்த பிளம்பர், மேட்டுப்பாளையத்தில் சிறந்த பிளம்பர். ஊர்ப் பெயரைத் தவிர ஒரு வரிகூட மாறாது. பிளம்பர் எல்லா ஊருக்கும் ஒரே ஆள்தான், சிங்காநல்லூரைத் தாண்டமாட்டார். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதால் ஒரே மாலையில் ஆயிரம் பக்கம் ஏற்றலாம். தமிழில் இதன் விளைவு நீங்களே அனுபவித்திருப்பீர்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று தேடுங்கள். திட்டத்தின் பெயர் ஏழெட்டு முறை, அது என்ன என்பதற்கு நான்கு பத்தி, நடுவே நாலைந்து விளம்பரம், கடைசிவரை ஆவணப் பட்டியல் வராது. ராசிபலன், தங்கம் விலை, தேர்வு முடிவு என்று தமிழில் மக்கள் அதிகம் தேடும் இடங்களில் எல்லாம் இந்தக் களை மண்டிக் கிடக்கிறது. இப்படி மொத்தமாகப் பக்கம் குவிப்பதையும், காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய மரியாதையில் பிழைப்பதையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகத் தடைசெய்தது. தடை வந்திருக்கிறது, களை போகவில்லை.

பணம் கொடுத்து வாங்கும் ஐந்து நட்சத்திர ரிவியூவும் இதே குடும்பம்தான். இணைய விமர்சனங்களை எப்படிச் சேகரித்து வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. கட்டாயமில்லை என்பதால் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எந்தக் குறுக்கு வழியிலும் இறங்காத அப்பாவிகளையும் இந்த வியாபாரம் விட்டுவைப்பதில்லை. சூதாட்டச் செயலிகளுக்கு வெளிப்படையாக விளம்பரம் செய்ய வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அந்த விளம்பரங்களைத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய ஒளிபரப்பு அமைச்சகம் 2022-லேயே அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. முன்வாசல் அடைபட்டவர்கள், மற்றவர்களின் தளங்களைப் பின்வாசலாக்கிக்கொள்கிறார்கள். அரசு, கல்லூரி, பள்ளித் தளங்களுக்குக் கூகுளிடம் நல்ல மரியாதை உண்டு. அவற்றைப் பராமரிக்கத்தான் ஆள் கிடையாது. பழைய வேர்ட்பிரஸ், புதுப்பிக்காத பிளக்இன், அட்மின் பாஸ்வேர்டாகப் பள்ளியின் பெயர். உள்ளே நுழைந்து, ரம்மி, காசினோ பக்கங்களை ஏற்றிவிடுவார்கள். 2024 மே மாதம் கேரளம், கர்நாடகம், பீகார் உள்ளிட்ட பல மாநில அரசுத் தளங்களின் முகவரிகள் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டதை டெக்க்ரஞ்ச் என்ற செய்தித் தளம் வெளிக்கொண்டுவந்தது.

இதில் சாமர்த்தியம் என்னவென்றால், கூகுளின் நிரல் வந்தால் மட்டும் ரம்மிப் பக்கம் தெரியும். தலைமையாசிரியர் தன் கணினியில் திறந்தால் வழக்கம்போல் ஆண்டு விழாப் படம். மாவட்டத் தலைநகர்ப் பள்ளி ஒன்றின் தாளாளருக்கு நான் இதைக் காட்டியபோது, "நீங்க வேற ஏதோ தளத்தைப் பார்க்கறீங்கம்மா" என்று அவர் நம்பவே மறுத்தார். ஒரு பெற்றோர் தேடல் முடிவைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகே நம்பினார். சோதிப்பது சுலபம். கூகுள் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளியில்லாமல் உங்கள் தள முகவரியை எழுதி, பக்கத்தில் ரம்மி அல்லது காசினோ என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். எதுவும் வரவில்லை என்றால் ஓரளவு நிம்மதி. வந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

பத்திரிகையில் எழுதும்போது பத்திரிகைகளை விட்டுவிடக் கூடாது. இன்டர்ஃப்ளோரா கதையில் பூக்கடை மட்டும் தண்டிக்கப்படவில்லை. அந்நிறுவனத்திடம் காசு வாங்கிக்கொண்டு, கட்டுரை போலத் தோற்றமளித்த விளம்பரங்களில் இணைப்பு கொடுத்த பிரிட்டன் பிராந்தியப் பத்திரிகைகளின் தளங்களும் மதிப்பெண்ணைப் பறிகொடுத்தன. பத்திரிகையின் பெயருக்கு இருக்கும் மரியாதையை வாடகைக்கு விடும் இந்தப் பழக்கத்தை, 2024-இல் கூகுள் தனிக் குற்றமாகவே வகைப்படுத்தியது. இந்தியச் செய்தித் தளங்களிலும் ஒரு மூலையில் 'பிராண்ட் செய்தி', 'கூட்டாளர் பக்கம்' என்ற பெயர்களில் முடி வளரும் எண்ணெயும் கடன் செயலியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாசகரை ஏய்க்கும் விளம்பரங்களுக்கு எதிரான மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிகள் எல்லா ஊடகங்களுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே வாங்கப்படுவது வாசகரின் கண்ணைவிடக் கூகுளின் கண். வாசகர் அந்த மூலைக்கு வராவிட்டாலும் வாங்கியவருக்குக் கவலையில்லை. காசு வாங்கிய இணைப்பு என்றால், அப்படிக் குறியிட்டுச் சொல்ல நிரலிலேயே வழி இருக்கிறது. 2005-இலிருந்து ஒன்று, 2019-இலிருந்து இன்னும் தெளிவாக மற்றொன்று. ஒரு சொல் சேர்த்தால் போதும். சேர்த்தால் விலை இறங்கிவிடும் என்பதால்தான் சேர்ப்பதில்லை.

சட்டம் போட்டு இந்த வியாபாரத்தை நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நிறுத்தக் கூடியவர்கள் பணம் கட்டுகிறவர்கள்தான். அவர்களுக்கு நான் சொல்வது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும் என்பதே. மாதக் கடைசியில் 'ரேங்க் ரிப்போர்ட்' என்று பச்சை அம்பு போட்டு அனுப்புவார்கள்; அதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மாதம் எந்தெந்தத் தளத்தில் இணைப்பு வாங்கினீர்கள், ஒவ்வொன்றின் முகவரியையும் கொடுங்கள் என்று கேளுங்கள். பத்து முகவரியைத் திறந்து பாருங்கள். உங்கள் தொழிலுக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று சொல்ல எஸ்இஓ தெரிய வேண்டியதில்லை. பட்டியல் தர மாட்டேன், தொழில் ரகசியம் என்றால் அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தளத்தின்மேல் தண்டனை வந்தால் நீக்கும் செலவு யாருடையது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கம் கியாரண்டி என்கிறவர் அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

சாவிகளும் உங்களிடம் இருக்க வேண்டும். டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது. ஹோஸ்டிங் கணக்கு யாருடையது. சர்ச் கன்சோலில் உரிமையாளராக இருப்பது நீங்களா, ஏஜென்சியா. கூகுள் மேப்பில் உங்கள் கடையின் பக்கத்தில் போன் நம்பரை மாற்றும் உரிமை யார் கையில் இருக்கிறது? கம்பெனி ஆடிட்டரிடம் டிஜிட்டல் கையொப்பத்தைக் கொடுக்கவே யோசிக்கிறவர்கள், இத்தனையையும் முகம் தெரியாத ஒருவரின் ஜிமெயிலில் விட்டு வைத்திருக்கிறார்கள். ஏஜென்சியை அனுப்பிவிடச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், உரிமையாளர் இடத்தில் உங்கள் கம்பெனி மின்னஞ்சல் இருக்கட்டும். மாற்றி எழுத அரை மணி நேரம்கூட ஆகாது, ஏஜென்சிக்காரர் போனை எடுக்கிற நாளில் செய்தால்.